ஆபர்ன் நகரின் பெரிய பெயர்களும் அவற்றின் நடுவில் ஒரு சிறைச்சாலையும்

நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் வடக்கு தெற்காக நீண்டு ஒடுங்கிக் கிடக்கும் ஏரிகளை, அவற்றின் வடிவம் கருதி, விரல் ஏரிகள் என்று அழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்றான ஓவாஸ்கோ ஏரி சுமார் 18 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் வடமுனைக்கு அருகில், ஏரி நீர் வெளியேறிச் செல்லும் சிற்றாற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கும் நகரம் ஆபர்ன். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே 27,000 பேர்கூட இல்லை. அதைத் தலைமையிடமாகக் கொண்ட கயூகா கவுண்டி முழுவதையும் சேர்த்தால் ஏறத்தாழ 76,000 பேர். கவுண்டி என்பது நம்முடைய மாவட்டத்தை ஒத்த நிர்வாகப் பிரிவு என்றாலும், மக்கள்தொகையில் நம் வட்டங்கள் பலவற்றைவிடச் சிறியது.

இந்தச் சிறிய பரப்போடு தொடர்புடையவர்களின் பட்டியல் வியப்பூட்டுவது. ஒரு குடியரசுத் தலைவர், அலாஸ்காவை விலைக்கு வாங்கிய வெளியுறவு அமைச்சர், அடிமைகளை இரவோடு இரவாக அழைத்து வந்த ஹேரியட் டப்மன், பெண்களின் உரிமைக்கான முதல் மாநாட்டைக் கூட்டியவர்களுள் ஒருவர், சிறைச் சீர்திருத்தத்துக்காகத் தானே கைதியாகச் சென்ற ஒரு மேயர், பேசும் படத்துக்கு வழிவகுத்த ஓர் ஆய்வாளர் என்று அது நீள்கிறது. வழக்கமாக இப்பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதி முடித்துவிடுவார்கள். அப்படிச் செய்யும்போது முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போகிறது. இவர்களில் பலர் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஒரே தெருவில் குடியிருந்தவர்கள், ஒரே வழக்கில் வாதாடியவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். மனிதரை அடைத்துவைக்கும் உரிமை யாருக்கு உண்டு, அதற்கு எல்லை எது என்ற கேள்வி இவர்களுள் பலரின் வாழ்வில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கேள்வியை அவர்களால் தவிர்க்க இயலாமல் போனதற்குக் காரணம், ஊரின் நடுவில் 1817 முதல் இன்றுவரை இயங்கிவரும் சிறைச்சாலை என்பதே என் வாதம்.

நிலத்திலிருந்து தொடங்குவதே முறை. கவுண்டிக்குப் பெயர் தந்த கயூகா மக்கள், இரோக்குவா கூட்டமைப்பைச் சேர்ந்த தேசங்களுள் ஒன்று. அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1779இல், ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சல்லிவன் தலைமையில் வந்த படை அவர்களுடைய ஊர்களையும் விளைந்து நின்ற சோள வயல்களையும் பழத் தோட்டங்களையும் எரித்து அழித்தது. 1789இலும் 1795இலும் மாநில அரசு செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வழியாக எஞ்சிய நிலமும் கைமாறிற்று. 1980இல் கயூகா தேசம் தொடுத்த வழக்கில் 2001ஆம் ஆண்டு ஏறத்தாழ 24.8 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இத்தனை காலம் கடந்துவிட்டது என்பதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. நிலத்தை இழந்தவர்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டவே பல தலைமுறைகள் வழியில்லாதிருந்த நாட்டில், காலதாமதத்தை அவர்கள் மேலேயே சுமத்துவது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஊரின் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் 1852இல் எழுப்பிய உயரமான கல் தூண் ஒன்று நிற்கிறது. அது லோகன் என்ற பூர்வகுடித் தலைவரின் நினைவுக்கு உரியது. 1774இல் ஓஹையோ பள்ளத்தாக்கில் வெள்ளையர் சிலர் தம் உறவினர்களைக் கொன்றபின் அவர் சொல்லியனுப்பியதாக அறியப்படும் உரையைத் தாமஸ் ஜெஃபர்சன் தம் நூலில் பதிப்பித்தார். தனக்காகத் துக்கப்பட யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்ட கேள்வி அந்தத் தூணில் பொறிக்கப்பட்டிருக்கிறது. லோகன் இந்த ஊரில் பிறந்தவர் என்பது ஊர் மரபு. ஆய்வாளர் பலர் பென்சில்வேனியாவையே அவருடைய பிறப்பிடமாகக் காட்டுகின்றனர்.

சல்லிவன் படையோடு வந்து இந்நிலத்தைப் பார்த்துப்போன ஜான் ஹார்டன்பர்க் என்பவரே 1793இல் திரும்பி வந்து இங்கே முதல் ஆலையை நிறுவினார். வரும்போது ஹேரி, கேட் என்ற இரண்டு அடிமைகளையும் உடன் அழைத்து வந்தார். காட்டை வெட்டி ஊரை உண்டாக்கியதில் அவ்விருவரின் உழைப்பும் இருந்தது. நியூயார்க்கில் அடிமைமுறை முழுமையாக ஒழிந்தது 1827இல்தான். பின்னாளில் விடுதலை பெற்று ஃப்ரீமன் என்ற குடும்பப் பெயரை ஏற்ற அவர்களுடைய வழித்தோன்றல் ஒருவர் இந்தக் கட்டுரையின் மையத்துக்கு வருவார்.

ஏரியிலிருந்து வெளியேறும் ஆறு சரிந்து இறங்கும் இடம் என்பதால், அந்த நீர்விசையை நம்பி ஆலைகள் வந்தன. அதே ஆற்றங்கரையில் 1816இல் மாநிலச் சிறையின் கட்டுமானமும் தொடங்கியது. சிறையை ஊருக்குக் கொண்டுவர உள்ளூர்ப் பிரமுகர்கள் முனைந்ததற்குப் பொருளாதாரமே காரணம். கைதிகளின் உழைப்பை ஒப்பந்தக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டு, மதிலுக்குள்ளேயே பட்டறைகளை நடத்தினார்கள். 1821இன் இறுதியில் சுமார் 80 கைதிகளை வேலையும் பேச்சும் இல்லாத முழுத் தனிமையில் அடைத்துப் பார்த்தார்கள். நோயும் சித்தப்பிரமையும் சாவும் பெருகவே, 26 பேரை ஆளுநர் மன்னித்து விடுவிக்க நேர்ந்தது. அந்தத் தோல்விக்குப் பிறகு உருவானதுதான் உலகம் முழுவதும் ஆபர்ன் முறை என்று அறியப்பட்ட ஏற்பாடு. இரவில் தனி அறை, பகலில் கூட்டாக வேலை, எந்நேரமும் மௌனம். முன்னால் போகிறவரின் தோளில் கை வைத்து, ஒரே தாளத்தில் கால் மாற்றி, முகத்தை ஒருபக்கமாகத் திருப்பியபடி வரிசையாக நடக்கவேண்டும். கோடு போட்ட சீருடை அணியவேண்டும். பேசினால் சாட்டையடி. இதை நடைமுறைப்படுத்திய எலம் லிண்ட்ஸ் என்ற அதிகாரி, 1825இல் இங்கிருந்து நூறு கைதிகளைக் கூட்டிச் சென்று, அவர்களைக் கொண்டே ஹட்சன் ஆற்றங்கரையில் சிங் சிங் சிறையைக் கட்டினார். பிரான்சிலிருந்து அரசியல் சிந்தனையாளர் தோக்வில்லும் அவருடைய நண்பர் பொமோனும் 1831இல் ஆபர்னுக்கு வந்ததும் இந்த முறையை நேரில் காணத்தான்.

இதற்கிடையில், 1823இல், இருபத்திரண்டு வயதுகூட நிறையாத ஓர் இளம் வழக்கறிஞர் ஆபர்னில் தொழில் நடத்த வந்தார். அவர்தான் வில்லியம் ஹென்றி சீவர்ட். மூத்த வழக்கறிஞர் எலைஜா மில்லரின் கூட்டாளியாகச் சேர்ந்து, அடுத்த ஆண்டே அவருடைய மகள் பிரான்சிஸை மணந்துகொண்டார். மனைவியை இழந்திருந்த மில்லர், மகள் தன்னைவிட்டுப் போகக்கூடாது என்று நிபந்தனை வைத்ததால், மருமகன் மாமனார் வீட்டிலேயே குடியேறினார். சௌத் தெருவில் உள்ள அந்தச் செங்கல் வீடு இன்று அருங்காட்சியகம். பின்னாளில் மார்மன் சமயத்தின் தலைவரான பிரிகம் யங் இளம் தச்சராக அந்த வீட்டின் வேலையில் பங்கேற்றார் என்று சொல்வார்கள். சீவர்ட் 1839 முதல் 1842 வரை மாநில ஆளுநராக இருந்துவிட்டுக் கடனோடு ஊர் திரும்பி, மீண்டும் வழக்குகளில் மூழ்கியிருந்த நேரத்தில் வந்ததுதான் வில்லியம் ஃப்ரீமன் வழக்கு.

ஹார்டன்பர்க் கொண்டுவந்த ஹேரி, கேட் இருவரின் பேரன் வில்லியம். 1840இல், பதினைந்து பதினாறு வயதில், ஒரு குதிரையைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். தான் திருடவில்லை என்று கடைசிவரை சொன்னார். சிறைப் பட்டறையில் கூலியின்றி வேலை வாங்கினார்கள். ஒருமுறை காவலர் ஒருவர் பலகையால் தலையில் அடித்ததில் பலகையே பிளந்தது. அதன்பின் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. 1845இல் வெளியே வந்தபோது, துடிப்பான சிறுவனாக உள்ளே போனவரை உறவினர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வார், காரணமின்றிச் சிரிப்பார். ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. செய்யாத குற்றத்துக்காக ஐந்தாண்டு உழைத்த உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று ஊரில் உள்ள நீதிபதிகளிடம் போய்க் கேட்டார். அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். 1846 மார்ச் மாதத்தில் ஓர் இரவு, ஓவாஸ்கோ ஏரிக்கரையில் ஃப்ளெமிங் என்ற ஊர்ப்புறத்தில் இருந்த ஒரு விவசாயியின் வீட்டுக்குள் புகுந்து, ஒரு குழந்தை உட்பட நால்வரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அந்தக் குடும்பத்துக்கும் அவருடைய தண்டனைக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிடிபட்டுக் கொண்டுவரப்பட்டவரை நடுத்தெருவிலேயே கொன்றுவிடக் கூட்டம் திரண்டது. இந்த நிலையில் சீவர்ட் கூலி வாங்காமல் ஃப்ரீமனுக்காக வாதாட முன்வந்தார். அவரைத் தூண்டி நிறுத்தியதில் பிரான்சிஸுக்குப் பெரும் பங்கு உண்டு. மனநிலை பிறழ்ந்த ஒருவரைத் தூக்கிலிடுவது நீதியாகாது என்பது வாதம். அந்தப் பிறழ்வு சிறைக்குள் உண்டானது என்பது அதன் உட்பொருள். எதிர்த் தரப்பில் மாநிலத் தலைமை வழக்கறிஞரே வந்து நின்றார். முன்னாள் குடியரசுத் தலைவர் வான் பியூரனின் மகன் அவர். சீவர்ட் தம் உரையின் முடிவில், தான் செத்துப் பல காலம் கழித்து, தன் கல்லறையில் யாராவது ஒருவர் தன்னை விசுவாசமாக இருந்தவன் என்று எழுதினால் போதும் என்ற பொருளில் பேசினார். ஜூரி ஃப்ரீமனைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் மறுவிசாரணைக்கு உத்தரவாயிற்று. அதற்குள், 1847 ஆகஸ்டில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட நிலையில் ஃப்ரீமன் சிறை அறையிலேயே காசநோயால் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளை நோயுற்றிருந்தது தெரியவந்தது. 1872இல் சீவர்ட் இறந்தபோது, அவருடைய அமைச்சர் பதவியையோ அலாஸ்காவையோ குறிப்பிடாமல், ஃப்ரீமன் வழக்கில் அவர் கேட்டிருந்த அந்த வாக்கியத்தையே கல்லறையில் பொறித்தார்கள்.

ஊரின் வரலாற்றில் இந்த வழக்குக்கு நான் இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. சீவர்ட்டோடு சேர்ந்து வாதாடிய வழக்கறிஞர்களைப் பார்த்தாலே அது புரியும். ஒருவர் சாமுவேல் பிளாட்ச்ஃபோர்ட், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். இன்னொருவர் டேவிட் ரைட். அவருடைய மனைவி மார்த்தா காஃபின் ரைட், பெண்ணுரிமை வரலாற்றில் கணவரைவிடப் பெரிய பெயர். ஃப்ரீமன் இறந்த மறு ஆண்டில்தான் பக்கத்துக் கவுண்டியிலுள்ள செனிகா ஃபால்ஸில் அந்தப் புகழ்பெற்ற பெண்ணுரிமை மாநாடு கூடியது.

சீவர்ட்டின் எஞ்சிய வாழ்க்கை பலரும் அறிந்தது, ஆதலால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1849இல் செனட் அவைக்குச் சென்றார். 1850 மார்ச் மாதத்தில், அரசியல் சட்டத்துக்கும் மேலான ஓர் அறச்சட்டம் இருக்கிறது என்று அவர் ஆற்றிய உரை நாட்டையே உலுக்கியது. 1860இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராவார் என்று ஊரே எதிர்பார்த்திருந்தது, ஆனால் வாய்ப்பு லிங்கனுக்குப் போயிற்று. தம்மை வென்றவரின் அமைச்சரவையிலேயே வெளியுறவு அமைச்சராக எட்டாண்டு பணியாற்றினார். லிங்கன் சுடப்பட்ட அதே இரவில் நோய்ப் படுக்கையில் கிடந்த அவரையும் ஒருவன் கத்தியால் குத்தினான். அவர் பிழைத்தார். அந்த அதிர்ச்சியிலிருந்து மீளாத பிரான்சிஸ் இரண்டே மாதத்தில் காலமானார். 1867இல் 72 லட்சம் டாலருக்கு அலாஸ்கா ரஷ்யாவிடமிருந்து வாங்கப்பட்டது.

அதே 1850இல் நடந்த இன்னொன்றையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து ஒப்படைப்பதை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டத்தில் செப்டம்பர் 18 அன்று கையெழுத்திட்ட குடியரசுத் தலைவர் மில்லார்ட் ஃபில்மோரும் இதே கயூகா கவுண்டிக்காரர். 1800 ஜனவரியில், இன்று சம்மர்ஹில் எனப்படும் பகுதியில், ஒரு மரக்குடிசையில் ஏழைக் குத்தகை விவசாயியின் மகனாகப் பிறந்தவர். கம்பளித் துணி ஆலையில் பல ஆண்டுகள் பயிற்சி வேலையாளாக ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தார். மிச்சமிருந்த காலத்தை 30 டாலர் கொடுத்து மீட்டுக்கொண்டே அவர் வெளியேறினார். தன் சொந்த உழைப்புக் கட்டிலிருந்து விலை கொடுத்து விடுபட்ட ஒருவர் அந்தச் சட்டத்துக்கு ஒப்பமிட்டது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. நாடு பிளவுபடாமல் காக்கவே அப்படிச் செய்தார் என்ற வாதத்தை அறிவேன். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அவரல்ல என்பதும் உண்மை. அக்காலத்துப் பெரிய கட்சிகளுள் ஒன்றான விக் கட்சியின் மாநிலப் பிரிவுக்குள் சீவர்ட்டும் ஃபில்மோரும் எதிரெதிர் அணிகளின் தலைவர்கள். ஃபில்மோரின் மனைவி அபிகெயில், வெள்ளை மாளிகையில் முதல் நூலகத்தை அமைத்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

அந்தச் சட்டத்தின்படி பிடித்துக் கொடுக்கப்பட வேண்டியவர்களுள் ஒருவர்தான் ஹேரியட் டப்மன். மேரிலாந்தில் 1822ஆம் ஆண்டையொட்டி அடிமைக் குடும்பத்தில் பிறந்து, 1849இல் தப்பி வந்து, அடுத்த பத்தாண்டுகளில் சுமார் 13 முறை திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டு வந்தவர். சட்டம் வடக்கு மாநிலங்களையும் ஆபத்தாக்கிவிட்டதால், வயதான பெற்றோரைக் கனடாவில் கொண்டுபோய் வைத்திருந்தார். அங்கத்திய குளிரை அவர்களால் தாங்க முடியவில்லை. அப்போது, 1859இல், பிரான்சிஸுக்குத் தந்தை வழியில் வந்த சொத்திலிருந்து, சௌத் தெருவின் நகர எல்லையில் ஏழு ஏக்கர் நிலத்தை 1,200 டாலருக்குச் சீவர்ட் அவருக்கு விற்றார். சிறு முன்பணம் மட்டும் பெற்றுக்கொண்டு, மீதியைத் தவணையில் கட்ட ஒப்புக்கொண்டார். இரண்டாண்டுக்கு முன்புதான் உச்ச நீதிமன்றம் ட்ரெட் ஸ்காட் வழக்கில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் அமெரிக்கக் குடிமக்களே அல்லர் என்று தீர்ப்பளித்திருந்தது. குடியரசுத் தலைவர் வேட்பாளராக விரும்பிய ஒரு செனட்டர், சட்டத்தின் கண்ணில் தப்பியோடியவரான ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தது சாதாரணச் செயல் அன்று. அந்த நிலமும் ஃப்ளெமிங் ஊர்ப்புறத்தைச் சேர்ந்தது. ஃப்ரீமன் செய்த கொலைகளால் 13 ஆண்டுகளுக்கு முன் கொதித்துப்போயிருந்த அதே பகுதி.

டப்மன் உள்நாட்டுப் போரில் உளவாளியாகவும் செவிலியாகவும் பணிபுரிந்ததும், 1863 ஜூனில் தென் கரோலைனாவின் கம்பாஹி ஆற்றுத் தாக்குதலில் 700க்கும் மேற்பட்ட அடிமைகள் விடுதலையாக வழிகாட்டியதும் பாடநூல்களில் உள்ளவை. ஆபர்னில் அவர் வாழ்ந்த ஐம்பதாண்டு அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ அதுதான் அவருடைய வாழ்வின் அரிய பகுதியாகத் தோன்றுகிறது. காய்கறி பயிரிட்டார், பன்றி வளர்த்தார், வீட்டு வேலைக்குப் போனார், வாசலுக்கு வந்த ஆதரவற்றவர்களையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்டார். போரில் பணியாற்றியதற்கான ஓய்வூதியத்துக்காக முப்பதாண்டுக்கும் மேலாகப் போராடினார். முதலில் கிடைத்ததோ, இறந்த கணவர் படைவீரராக இருந்ததற்காக மாதம் 8 டாலர். 1899இல்தான் அது 20 டாலராயிற்று. 1896இல் பக்கத்து 25 ஏக்கர் நிலம் ஏலத்துக்கு வந்தபோது, கையில் பணமில்லாமலே 1,450 டாலருக்குக் கேட்டு எடுத்தார். தம் இனத்து முதியோருக்கு அங்கே ஓர் இல்லம் அமையவேண்டும் என்பது அவர் எண்ணம். கடனைச் சமாளிக்க முடியாமல் 1903இல் அந்த நிலத்தை ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கபல் சயன் திருச்சபைக்கு எழுதிக் கொடுத்தார். சேர்வதற்கு 100 டாலர் கட்டவேண்டும் என்று நிர்வாகிகள் விதி வகுத்தபோது, காசில்லாதவர்களைத்தான் சேர்க்கவேண்டும் என்று தான் நினைத்திருந்ததாகச் சொல்லி வருந்தினார். 1908இல் இல்லம் திறந்தது. 1913 மார்ச் 10 அன்று அந்த இல்லத்திலேயே காலமானார்.

அவருடைய நெருங்கிய துணைகளுள் மார்த்தா ரைட்டின் குடும்பமும் ஒன்று. அடிமை ஒழிப்புப் போராளி லுக்ரீஷியா மாட்டின் தங்கையான மார்த்தா, 1848 ஜூலையில் அக்காவோடும் எலிசபெத் கேடி ஸ்டாண்டனோடும் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த வேறு இரு பெண்களோடும் தேநீர் மேசையைச் சுற்றி அமர்ந்து செனிகா ஃபால்ஸ் மாநாட்டுக்கு அழைப்பு எழுதியபோது ஆறுமாதக் கர்ப்பிணி. 1874இல் தேசியப் பெண் வாக்குரிமைச் சங்கத்தின் தலைவரானார். அவருடைய மகள் எலைசா, அறுவடை இயந்திரங்கள் செய்யும் பெரிய ஆலையின் உரிமையாளரான டேவிட் ஆஸ்போர்னை மணந்தார். அவர்களுடைய மகன் தாமஸ் மாட் ஆஸ்போர்ன். பாட்டனார் டேவிட் ரைட் ஃப்ரீமனுக்காக வாதாடிய 67 ஆண்டுகளுக்குப் பிறகு பேரன் அதே சிறைக்குள் கைதியாகப் போனார்.

இடைப்பட்ட காலத்தில் சிறை வேறொரு வகையிலும் பெயர் பெற்றிருந்தது. உலகிலேயே முதன்முதலாக மின்சார நாற்காலியில் மரண தண்டனை நிறைவேறியது 1890 ஆகஸ்ட் 6 அன்று இங்கேதான். முதல் முறை பாய்ச்சிய மின்சாரத்தில் வில்லியம் கெம்லரின் உயிர் போகாமல், இரண்டாவது முறை பாய்ச்சவேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்ட லியான் சோல்காஸும் 1901 அக்டோபரில் இங்கேதான் கொல்லப்பட்டார்.

ஆஸ்போர்ன் செல்வந்தர், ஹார்வர்டில் படித்தவர், 1903 முதல் 1905 வரை ஆபர்ன் மேயர். சிறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்ட 1913இல், வெளியிலிருந்து பார்த்து எழுதும் அறிக்கையால் பயனில்லை என்று கருதி, டாம் பிரவுன் என்ற பெயரில், 33,333 என்ற எண்ணோடு, ஒரு வாரம் சிறைக்குள் தங்கினார். தாம் வருவதைக் கைதிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டார், ஆகவே அது வேவு பார்த்தல் அன்று. கூடை முடையும் பட்டறையில் வேலை செய்தார். வேலை செய்ய மறுத்தால் அடைக்கும் இருட்டறையையும் அறியவேண்டும் என்று வேண்டுமென்றே மறுத்து, ஓர் இரவை அங்கே கழித்தார். ஒரு பக்கம் மின்சார நாற்காலி இருக்கும் அறை, மறுபக்கம் இடைவிடாது இரையும் டைனமோ. குடிக்க அளந்து கொடுத்த கொஞ்சம் தண்ணீர், படுக்க வெறுந்தரை, பக்கத்து அறைகளிலிருந்து முகம் தெரியாத கைதிகளின் குரல்கள். அவர்களோடு பேசியபடி அந்த இரவைக் கடந்தார். கூடைப் பட்டறையில் தம்மோடு வேலை செய்த ஒரு கைதியோடு பேசியபோது பிறந்த யோசனையே, 1914இல் பரஸ்பர நல உதவிக் கழகமாக உருப்பெற்றது. கைதிகளே பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்கு மீறல்களைத் தாங்களே விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒரு நூற்றாண்டாக மௌனத்தை விதியாகக் கொண்டிருந்த சிறையில் கைதிகள் கூட்டம் கூட்டி வாக்களித்தார்கள். அதே ஆண்டு இறுதியில் ஆஸ்போர்ன் சிங் சிங் சிறையின் தலைவரானார், அங்கும் இதைக் கொண்டுசென்றார். பகைமை கிளம்பியது. குற்றச்சாட்டுகள் புனையப்பட்டு 1915இல் வழக்குத் தொடரப்பட்டது. 1916இல் அது தள்ளுபடியானபோதிலும் அவர் நெடுநாள் அப்பதவியில் நீடிக்கவில்லை. கழகமும் பின்னாளில் வலுவிழந்தது. ஆயினும், கைதியைப் பொறுப்புள்ள மனிதனாக நடத்தினால் மட்டுமே அவன் பொறுப்புள்ளவனாக வெளியே வருவான் என்று அவர் காட்டியதை மறுக்க யாராலும் இயலவில்லை.

நகருக்கு வெளியே, கவுண்டியின் சிற்றூர்களில் பிறந்து வளர்ந்தவர்களுள் எமிலி ஹவுலாண்டை முதலில் சொல்லவேண்டும். ஷெர்வுட் என்ற சிற்றூரில் 1827இல் குவேக்கர் வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஸ்லோகம் ஹவுலாண்ட் தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். எமிலி வாஷிங்டனில் கறுப்பினப் பெண்களுக்கான பள்ளியில் கற்பித்தார். போருக்குப்பின் வர்ஜீனியாவில் விடுதலையானவர்களுக்கு ஒரு பள்ளியை நிறுவினார். தென் மாநிலங்களில் மேலும் பல பள்ளிகளுக்குப் பொருளுதவி செய்தார். 1890இல் அரோரா தேசிய வங்கியின் இயக்குநரானபோது, அமெரிக்காவில் அத்தகைய பதவிக்கு வந்த முதல் பெண்களுள் ஒருவராக இருந்தார். 101 வயதில், 1929இல், இறக்கும்வரை அப்பதவியில் நீடித்தார். கயூகா ஏரிக்கரையிலுள்ள அந்த அரோராவில்தான் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், வெல்ஸ் ஃபார்கோ ஆகிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களுள் ஒருவரான ஹென்றி வெல்ஸ் குடியேறி, 1868இல் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவினார். ஒன்றரை நூற்றாண்டு இயங்கிய அது 2024இல் மூடப்பட்டுவிட்டது. ஓவாஸ்கோ ஏரியின் தென்முனையருகே மொரேவியாவில் எண்ணெய்ச் செல்வந்தர் ஜான் டி. ராக்ஃபெல்லர் சிறுவயதில் சில ஆண்டுகள் வளர்ந்தார். அவரை இந்த மண்ணின் மைந்தராக உரிமை கொண்டாடுவது சற்று மிகையே.

இருபதாம் நூற்றாண்டில் இருவர் முக்கியமானவர்கள். 1888இல் ஆபர்னின் வங்கிக் குடும்பம் ஒன்றில் பிறந்த தியோடர் கேஸ், குடும்பத்து மாளிகையின் பின்புறம், பழைய பசுமைக் குடில் இருந்த இடத்தில் 1916இல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். ஒளி படும்போது மின்தடை மாறும் தாலியச் சேர்மம் ஒன்றை அங்கே கண்டுபிடித்தார். முதல் உலகப்போரில் அகச்சிவப்பு ஒளி வழியாகச் செய்தி அனுப்பக் கடற்படை அதை ஆராய்ந்தது. பின்னர் அவரும் உதவியாளர் ஏர்ல் ஸ்போனபிளும் ஒலியை ஒளி அடர்த்தியாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்திலேயே பதியும் முறையைச் செம்மைப்படுத்தினர். வீட்டின் வண்டிக் கொட்டகை மாடியையே படப்பிடிப்புக் கூடமாக்கி, வாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடும் நகைச்சுவைக் கலைஞர் ஒருவரை 1925இல் அங்கே படமாக்கினார்கள். 1926இல் வில்லியம் ஃபாக்ஸ் உரிமையை வாங்க, அது மூவிடோன் என்ற பெயரில் திரையரங்குகளை அடைந்தது. 1927 மே மாதத்தில் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைக் கடக்கப் புறப்பட்டபோது கேட்ட விமான இரைச்சல் அந்த முறையில் பதிவானதே. பேசும் பட முயற்சியில் இருந்த மற்றொரு கண்டுபிடிப்பாளரான லீ டி ஃபாரஸ்டின் பெயருக்குக் கிடைத்த புகழில் பெரும்பகுதி கேஸுக்கு உரியது என்பது என் உறுதியான கருத்து.

மற்றவர் ஜெரோம் ஹாலண்ட். டப்மன் இறந்து மூன்றாண்டுக்குப்பின், 1916இல், ஆபர்னின் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் 13 பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1937இலும் 1938இலும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர் வரிசையில் இடம்பெற்றார். இருந்தும் எந்தத் தொழில்முறை அணியும் அவரை அழைக்கவில்லை. கல்வியில் நிலைத்து, டெலவேர் மாநிலக் கல்லூரிக்கும் பிறகு ஹாம்ப்டன் கல்லூரிக்கும் தலைவரானார். 1970 முதல் 1972 வரை சுவீடனுக்கான தூதராகப் பணியாற்றினார். நியூயார்க் பங்குச் சந்தையின் இயக்குநர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே.

டப்மன் வாழ்ந்த இடம் 2017இல் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று. சீவர்ட் வீட்டுக்கும் கேஸின் ஆய்வுக்கூடத்துக்கும் மக்கள் வந்து போகிறார்கள். சிறையும் இன்றுவரை இயங்குகிறது. வில்லியம் ஃப்ரீமனுக்கு எஞ்சியிருப்பது, பெஞ்சமின் ஹால் என்ற வழக்கறிஞர் தொகுத்து 1848இல் ஆபர்னிலேயே அச்சிட்ட வழக்கு நடவடிக்கைகளின் பெரிய தொகுதி. ஊரின் மருத்துவர்கள், சிறைக் காவலர்கள், பட்டறை மேலாளர்கள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதில் சாட்சி சொல்கிறார்கள். சிறைக்குப் போகுமுன் தன் மகன் எப்படி இருந்தான், திரும்பி வந்தபோது எப்படி இருந்தான் என்று அவருடைய தாய் சேலி கூறியதும் அதில் உண்டு. ஆபர்னின் பெரிய மனிதர்களை அறிய விரும்புவோர் வாழ்க்கை வரலாறுகளுக்குப் போவதற்கு முன் அந்தச் சாட்சியங்களைப் படிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன்.